ஏணிக்காக ஒரு வாய்தா

லிஃப்ட்காரரிடம் ஏற்கெனவே மூன்று ஏணிகள் இருந்தன. கம்பெனி கொடுத்த அலுமினிய ஏணி, மடக்கினால் பைக்குள் அடங்கிவிடுகிற ஏணி, மொட்டைமாடிக்கு ஏறுவதற்காக இரும்பில் பற்றவைத்த ஏணி. இருந்தும், ஒரு கால் குட்டையாகிப்போன பழைய மர ஏணி ஒன்றுக்காக அவர் சமரச மையத்தில் மல்லுக்கு நின்றார்.

“அது நான் ஆசைப்பட்டு வாங்கினது மேடம். விட்டுத்தர மாட்டேன்.”

பேச்சுவார்த்தை நடத்திய வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிரிந்து போகிறவர்களின் சண்டைகளைக் கேட்டுக் கேட்டுக் காது தடித்துப்போனவர் அவர். நாய்க்குட்டிக்காக உருண்டு புரண்டவர்களைப் பார்த்திருக்கிறார். செத்துப்போன கிளியின் கூண்டுக்காக அழுதவரையும் பார்த்திருக்கிறார். ஆனால், முதல் அமர்வில் இதே நாற்காலியில் உட்கார்ந்து “வீடே வேண்டாம்” என்று சொன்ன மனிதர் இன்றைக்கு ஓர் ஏணிக்கு மார்தட்டுவதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

“இதுக்குன்னு இன்னொரு வாய்தா போடணுமா சார்?”

“போடுங்க மேடம். எனக்கு அவசரமில்லை.”

மேசைக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். அந்த ஏணிமேல் ஏறித்தான் அவள் ஊரில் எத்தனையோ வீடுகளுக்குத் திரைச்சீலை மாட்டினாள். சண்டை போட அவளுக்குத்தான் காரணம் இருந்தது. அவளோ, அவருடைய மழித்த முகத்தையும் தேய்த்த சட்டையையும் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தவரை மூன்று நாள் தாடியோடும் கிரீஸ் வாடையோடும் திரிந்த மனுஷன் அவர்.

வேலையில் லிஃப்ட்காரர் கெட்டிக்காரர். கட்டடத்தின் தலையில் ஒரு சின்ன அறை இருக்கும். மோட்டார் ஓடுகிற அந்த அறைக்குள் நுழைந்ததும் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். கீழே லிஃப்ட் இறங்கி நிற்கிற பள்ளத்துக்குள் குனிந்து இறங்கி, சாவிக்கொத்து, கம்மல், ஒருமுறை யாரோ தும்மியபோது கழன்று விழுந்த பல்செட் என்று எதையெல்லாமோ எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஃபோன் அடித்தால் போதும், சோற்றில் வைத்த கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். எங்கேயோ, யாரோ, இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு மூச்சுமுட்ட நின்றுகொண்டிருப்பார்கள். அவர் போய்த்தான் கதவைத் திறக்க வேண்டும்.

மனைவி சாப்பாட்டு மேசையில் துணியை விரித்துப்போட்டுத் தைக்க ஆரம்பித்தவள். அக்கம்பக்கத்து ஜன்னல்களுக்குத் தைத்தாள். பிறகு முன்னறை முழுக்கத் துணியானது. அதற்கும் பிறகு கடைத்தெருவில் ஒரு கடை. முதல் மெஷின் வாங்கியதும், கடைக்கு முன்பணம் கட்டியதும் அவருடைய ஓவர்டைம் சம்பளத்தில். வீட்டுக்கடனோ அவர் சம்பளத்தில் போய்க்கொண்டிருந்தது. அவர் பள்ளத்துக்குள் வழுக்கி விழுந்து, காலில் கம்பி வைத்துக் கட்டிலில் கிடந்தபோது, அந்த வருஷம் முழுக்க அவளுடைய திரைச்சீலைகள்தான் கடனைக் கட்டின. ஆக, வீடு அவர் பெயரில், கடை அவள் பெயரில். எதில் யாருடைய வியர்வை எவ்வளவு என்று கேட்டால், தண்ணீரையும் பாலையும் கலந்துவிட்டுப் பிரிக்கச் சொன்ன கதைதான்.

பிரிவுக்கு என்ன காரணம் என்று கேட்டவர்களுக்குச் சொல்லும்படியாக எதுவுமில்லை. அடி இல்லை, குடி இல்லை, மூன்றாம் ஆள் இல்லை. அவளுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்த அன்று, உள்ளே அழைத்துப்போன கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஃபோன் வந்தது. எங்கேயோ நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். போனார். திறந்துவிட்டார். அங்கிருந்தே இன்னொரு கட்டடத்துக்குக் கூப்பிட்டார்கள். அதற்கும் போனார். மயக்கம் தெளிந்த மனைவிக்குப் பக்கத்துப் படுக்கைக்காரியின் தங்கை உதட்டை நனைத்துவிட்டாள்.

அதற்காகவும் அவள் சண்டை போடவில்லை. மகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு ஒரு நாள் காலையில், காபி ஆறிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

“நீங்க செஞ்சது எதையும் தப்புன்னு சொல்ல மாட்டேங்க. எல்லாம் நல்ல காரியம்தான். ஆனா இங்க நான் ஒருத்தி இருக்கேன்னு உங்களுக்கு ஞாபகம் வர்றதுக்குள்ள எனக்கு வயசாயிடுச்சு. நான் கடைக்குப் பின்னாடி இருக்கிற ரூமுக்குப் போயிடறேன்.”

போய்விட்டாள். அவர் வேலை முடிந்து வந்தபோது வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திரையில்லாமல், தூங்கி எழுந்த கண்மாதிரி வெறித்துக்கொண்டிருந்தன. துவைத்துத் தருவதற்காகக் கழற்றிக்கொண்டு போயிருந்தாளாம். மறுவாரம் ஆள் மூலம் அனுப்பிவைத்தாள். அவருக்குத்தான் அதைத் திரும்ப மாட்ட மனசு வரவில்லை.

விவாகரத்துக்கு எழுதிக் கொடுத்ததும் கோர்ட்டில் அவர்களைச் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். முதல் நாள் வக்கீலம்மா வழக்கத்தை விளக்கினார்.

“கல்யாணத்துக்கு முன்னாடி உங்க கையில இருந்தது உங்களோடது. அப்பா அம்மா வழியில உங்களுக்குன்னு வந்ததும் அப்படித்தான். கல்யாணத்துக்கு அப்புறம் உண்டானது ரெண்டு பேருக்கும் பொது. சட்டம் பத்திரத்துல யார் பேர் இருக்குன்னுதான் பார்க்கும், இந்த மேசையில நான் அப்படிப் பார்க்க மாட்டேன். வெளியில போய்ச் சம்பாதிச்சது யாரு, அடுப்பங்கரையைப் பார்த்துக்கிட்டது யாருன்னும் பார்க்க மாட்டேன். ஒருத்தர் வீட்டைப் பார்த்துக்கிட்டதாலதான் இன்னொருத்தர் நிம்மதியா வேலைக்குப் போயிருக்காங்க. கடன் இருந்தா அதுவும் ரெண்டு தலையிலயும்தான். ஒண்ணே ஒண்ணு, எதையும் ஒளிக்கக்கூடாது. ஒளிச்சது பின்னாடி தெரிஞ்சா, பேசினதெல்லாம் பாழாயிடும்.”

லிஃப்ட்காரர் அந்த நிமிஷத்துக்காகவே வந்ததுபோல எழுந்து நின்றார். “எனக்கு எதுவும் வேண்டாம் மேடம். வீடு, சேமிப்பு எல்லாத்தையும் அவளே வச்சுக்கட்டும்.”

இதைக் கேட்டு அவள் உருகிவிடுவாள் என்று நினைத்திருந்தார். பேருந்தில் வரும்போதே அந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தார். கண் கலங்கும், முந்தானையால் துடைப்பாள், ‘என்னங்க இது’ என்பாள். ஆனால் அவள் முகம் இறுகிவிட்டது.

“எனக்குத் தானம் வேண்டாம் மேடம். பாதி வேணும். பாதின்னா பாதி. ஒரு செங்கல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.”

“ஏம்மா, அவரே மனசாரத் தர்றேங்கிறார்…” என்று வக்கீலம்மா அவள் மனதை அறிவதற்காகவே கேட்டார்.

“முழுசாத் தந்தா, இவர் தந்ததுன்னு ஆகும். பாதி வந்தா, என்னோடதுன்னு ஆகும். இத்தனை வருஷம் நானும் அந்த வீட்டுல பாதியா இருந்திருக்கேன்னு யாராவது ஒருத்தர் சொல்லிடுங்க. அது போதும்.”

வக்கீலம்மா லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார். “உட்காருங்க சார். இன்னிக்கு உணர்ச்சிவசப்பட்டு எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துட்டு, நாளைக்கு வாடகை ரூம்ல படுத்துக்கிட்டு விட்டத்தைப் பார்ப்பீங்க. அப்புறம் இவங்களைத் திட்டுவீங்க. அதுக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.”

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரரின் அக்கா வந்தாள். வந்ததும் வராததுமாக வெறும் ஜன்னல்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஊரையெல்லாம் மேல மேல ஏத்திவிட்ட. நீ மட்டும் கீழயே நின்னுட்டடா தம்பி. சரி, போனது போகட்டும். அந்த மனையைப் பத்தி அங்க வாய் திறந்துடாதே. என் பேர்ல இருக்கிறது, நான் சொல்ற வரைக்கும் ஒரு ஈ எறும்புக்கும் தெரியாது.”

மனை ஒன்று இருந்தது உண்மைதான். ஊருக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டி. சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. பத்திரம் வீட்டுக்கு வந்தால் மனைவி பார்த்துவிடுவாள், ஆச்சரியம் கெட்டுவிடும் என்றுதான் அக்கா பெயரில் எழுதினார். ஓய்வுபெற்றதும் அங்கே இருவருக்குமாக ஒரு வீடு. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் தனியாகப் போய் அந்த வெற்றுத் தரையில் நின்று, இது சமையலறை, இது கூடம், தண்ணீர் தெரிகிற பக்கம் அவளுடைய தையல் அறை என்று செருப்புக்காலால் கோடு கிழித்துப் பார்ப்பார். மழை வந்து அழித்துவிடும். அடுத்தமுறை போய் மறுபடியும் கிழிப்பார்.

“அது அவளுக்காக வாங்கினதுக்கா.”

“அவளுக்காக வாங்கினதை அவகிட்டயே மறைக்கிறதுல உனக்கு என்னடா கஷ்டம்? இத்தனை நாள் மறைச்சுத்தானே வச்சிருந்த?”

அக்கா எந்த அர்த்தத்தில் சொன்னாளோ, அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. எல்லாவற்றையும் தருகிறேன் என்று மார்நிமிர்த்திச் சொன்ன நேரத்தில் மனை அவர் நாக்கில் வரவே இல்லையே! மறந்துபோனார் என்றும் சொல்ல முடியாது. அதைச் சொல்லிவிட்டால் அந்த வீடு இனி கிடையாது. அவர் மனசுக்குள் அவளும் அவரும் இன்னும் சேர்ந்து இருக்கிற இடம் அது ஒன்றுதான். அதையும் மேசையில் எடுத்துவைத்து, அளந்து, விலை போட்டுவிடுவார்கள்.

அடுத்த அமர்வில் சொன்னார். தலையை நிமிர்த்தாமலே, ஏரி, கோடு, தையல் அறை, தண்ணீர் தெரிகிற ஜன்னல் எல்லாவற்றையும் சொன்னார். அவர் அத்தனை நேரம் ஒரே மூச்சாகப் பேசி மனைவி கேட்டதில்லை. முடித்தபோது அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

“எனக்குத் தெரியாமலே எனக்கு ஒரு வீடு கட்டியிருக்கீங்க” என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க. அந்த ஏரிப்பக்கம் எனக்கு ஆகவே ஆகாது. கொசு. அதுவும் ஈரக்காத்துல துணி எல்லாம் பூஞ்சை பிடிச்சிடும்” என்றாள்.

வக்கீலம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா, வேறு எதுவுமா என்று தெரியவில்லை. அத்தனை வருஷமும் கட்டிய வீட்டில் கொசு இருக்கும் என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கே சொத்தெல்லாம் வெளியே வந்துவிட்டது. அவளும் தன் பங்குக்குக் கடையின் கணக்கைத் திறந்து காட்டினாள். தன் தம்பிக்குக் கைமாற்றாகக் கொடுத்திருந்ததையும் அவளாகவே சொன்னாள். வீட்டுக்கும் மனைக்கும் மதிப்புப் போட இருவருக்கும் பொதுவான ஓர் ஆளை அமர்த்தினார்கள். இன்னும் இரண்டு முறை உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்றார் வக்கீலம்மா.

முடிந்துவிடும் என்கிற அந்த வார்த்தைதான் லிஃப்ட்காரரைப் பிடித்து ஆட்டியது.

சமரச மையத்தின் நடைகூடத்தில் ஒரு நீள பெஞ்சு உண்டு. கூப்பிடுகிறவரை இருவரும் அதில்தான் உட்கார வேண்டும். முதல் தடவை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். இரண்டாம் தடவை நடுவில் அவளுடைய பை மட்டும் இருந்தது. பிறகு அவள் பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்தாள். தனக்குத்தான் கொண்டுவந்தேன் என்றாள், ஆனால் கோப்பை இரண்டு இருந்தது. ஒரு பணக்காரர் வீட்டம்மா திரைச்சீலையின் நிறம் தன் பூனையின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று பூனையையே கடைக்குத் தூக்கி வந்த கதையைச் சொன்னாள். அவர் பல்செட் கதையைச் சொன்னார். அது நடந்து எவ்வளவோ காலம் ஆகியும் அவளுக்கு அதுதான் முதல்முறை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மையத்துக்குள் ஃபோனை அணைத்துவைக்கச் சொல்லியிருந்தார்கள். யார் எங்கே மாட்டிக்கொண்டாலும் அவருக்குத் தெரிய வழியில்லை. கல்யாணமாகி அவர் அவளோடு ஒரு முழுக் காலைப்பொழுது உட்கார்ந்திருந்தது அந்த பெஞ்சில்தான்.

பேச்சு முடிந்துவிட்டால் பெஞ்சும் போய்விடும். அதனால் அவர் பொருள்களைப் பிடித்துக்கொண்டார். குளிர்சாதனப் பெட்டி தனக்கு வேண்டும் என்றார். அதற்கு ஒரு வாய்தா. கிடைத்ததும், வேண்டாம் என்றார். அதற்கு இன்னொன்று. பிறகு சுவர்க்கடிகாரம், பிரஷர் குக்கர், மகள் சின்ன வயதில் ஓட்டிய சைக்கிள். தண்ணீர் இறைக்கப் போனவன் கிணற்றுக்குள்ளேயே குடியிருக்கப் பார்த்த மாதிரி ஆயிற்று. மகள் ஃபோனில் கத்தினாள். “அப்பா, குக்கருக்கு யாராவது கேஸ் நடத்துவாங்களா? என்னத்தையாவது பிரிச்சுக்குங்க. என்னை மட்டும் அந்த மேசையில தூக்கி வச்சிடாதீங்க, சொல்லிட்டேன்.”

கடைசியில் வந்தது அந்த மர ஏணி.

ஏணிக்காக வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் மனைவி வழக்கம்போலப் படியிறங்கிப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். அவரையும் உட்காரச் சொன்னாள்.

“இன்னும் எத்தனை சாமான் பாக்கி இருக்குங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “டூல் பெட்டி ஒண்ணு இருக்கு. தோட்டத்துக் குழாய்…”

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. “நீங்க எதுக்கு இழுக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? குக்கர்லயே தெரிஞ்சுபோச்சு. அந்தக் குக்கருக்குக் கைப்பிடியே கிடையாது.”

அவர் தரையைப் பார்த்தார்.

“தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்த?”

“நானும்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் காத்துக்கிட்டிருந்தேன். வர்றதுக்கு முந்தின நாளே என்ன புடவைன்னு எடுத்து வச்சிடறேன். கடையில வேலை பார்க்கிற பொண்ணு கிண்டல் பண்றா.” அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். “ஆனா அதுக்காக நான் திரும்பி வரமாட்டேங்க. இந்த பெஞ்சு நல்லா இருக்கு. வீடு இந்த பெஞ்சா ஆகாது. நீங்க ஃபோனை ஆன் பண்ணினதும் அது பழைய வீடுதான்.”

“வேலையை விட்டுடறேன்.”

“விட்டா நீங்க நீங்களா இருக்க மாட்டீங்க. எனக்கு அதுவும் வேண்டாம்.”

ஆள்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு தம்பதி உள்ளே குரல் உயர்த்திக் கத்துவது கேட்டது. அவள் தன்னை ஏமாற்றவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. இத்தனை வருஷத்தில் ‘உனக்கு என்ன வேணும்’ என்று அவளிடம் ஒரு தடவையும் நேராகக் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

“சரி, உனக்கு என்ன வேணும்? நீயே சொல்லு” என்றார்.

அவள் தயாராகவே இருந்தாள். அந்த வீட்டில் தனக்குப் பிடித்த மூலை இருக்கிறது, ஆனால் அங்கே வாழ முடியாது. அவர் வீட்டை வைத்துக்கொள்ளட்டும். கடை அவளுக்கு. மனையும் அவளுக்கு வரட்டும், விற்றுவிட்டு நகருக்குள் சின்னதாக ஒன்று பார்த்துக்கொள்வாள். அப்படியும் வீட்டின் எடைதான் கூடுதல், அந்த வித்தியாசத்தை அவருடைய ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து நேர்செய்ய வேண்டும்.

“மனையை வித்துடுவியா?” என்று மட்டும் கேட்டார்.

“வித்துடுவேங்க. வச்சுக்கிட்டு என்ன பண்றது? போகும்போதெல்லாம் அழுகைதான் வரும்.”

அடுத்த அமர்வில் இதை அப்படியே சொன்னார்கள். வக்கீலம்மா மதிப்புப் போட்டவரின் கணக்கோடு ஒத்துப் பார்த்து, இருபக்கமும் சமமாக வருகிறது என்றார். அவள் தம்பிக்குக் கொடுத்த கைமாற்றும் அவள் பங்கில் சேர்ந்தது. “இந்த ஏணி விஷயம்?” என்று வக்கீலம்மா பேனாவை நிறுத்தினார். “அது அவளுக்குத்தான் மேடம், தொழில் சாமான்” என்றார் லிஃப்ட்காரர். அவர் சட்டென்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அவளுக்குத்தான் பேனா சரியாக எழுதவில்லை, இரண்டு முறை உதறினாள்.

அக்கா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு அவளே வந்து, மனையை மாற்றி எழுதிக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டாள். “உன்னைப் படைச்சவனைத்தான் கேக்கணும்” என்றாள். ஆனால் பத்திர ஆபீசிலிருந்து வெளியே வரும்போது முன்னாள் நாத்தனாராக இல்லாமல், பழைய பழக்கத்தில் தம்பி மனைவியின் தலைமுடியைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

மனையை விற்ற பணத்தில் மனைவி ஒரு குடியிருப்பில் தரைத்தளமாகப் பார்த்து வாங்கினாள். “லிஃப்ட் தேவைப்படாத வீடாத் தேடித் தேடி வாங்கியிருக்காங்க அப்பா” என்று மகள் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

கம்பெனியில் சொல்லி, மாலைக்குமேல் வருகிற அழைப்புகளை இளையவர்களுக்கு மாற்றிக்கொண்டார். பொழுது சாயும் நேரத்தில் கை ஓய்ந்து வீட்டில் இருக்கும்போதுதான் அவள் எத்தனை மாலைகளை இப்படி உட்கார்ந்து கழித்திருப்பாள் என்று தெரியவந்தது. சமைத்து, பரிமாறி, ஆறவிட்டு, திரும்பச் சூடாக்கி, கடைசியில் தனியாகச் சாப்பிட்டிருப்பாள். மகள் விடுமுறைக்கு வந்தால் பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே. வரும்போது அம்மா கொடுத்ததாக எதையாவது கொண்டுவருவாள். போகும்போது அவர் எதையாவது கொடுத்தனுப்புவார். யாரும் யாரையும் விசாரிப்பதில்லை, ஆனால் மகள் இரண்டு பக்கமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

வேலைக்குப் போகிற பேருந்து கடைத்தெரு வழியாகத்தான் போகும். அவளுடைய கடை இடதுபக்கம். அந்த நேரத்துக்கு அவள் கதவுக்கு அருகில் நின்று துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆரம்பத்தில் அவர் வலதுபக்க இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். இடமில்லாத நாளில் நின்றுகொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்போது அப்படியில்லை. சில நாள் வலதுபக்கம், சில நாள் இடதுபக்கம். அவள் இன்னும் ஒருமுறையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பேருந்து அங்கே அதிக நேரம் நிற்பதுமில்லை.